புரொபகண்டான்னா என்ன? தமிழ்ல எப்படிச் சொல்லலாம்?

நம்ம ஊர் அரசியல் மேடையில எதிர்க்கட்சிக்காரரப் பொய்யர்னு திட்டணும்னா டக்குன்னு வர்ற பேரு ஹிட்லரோட பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ், அந்தாளு யாரு என்னன்னு தெரியாதவங்க கூட "கோயபல்ஸ் பிரச்சாரம்"னு சரளமா அடிச்சு விடுவாங்க. ஒரு பொய்யத் திரும்பத் திரும்பச் சொன்னா உண்மையாயிடும்னு அவர் சொன்னதா ஒரு வரி சுத்துதே, அத அவர் எங்க சொன்னார்னு யாரும் ஆதாரம் காட்டினதில்ல, வேடிக்கைதான். சரி, சொல்லுக்கு வருவோம்.

லத்தீன்ல புரொபாகோன்னா பதியம். கொடிய வளைச்சு மண்ணுல அமுக்கி, வேர் விட்டதும் வெட்டி வேற இடத்துல நடுவோமே, அதேதான். 1622ல போப் 15ஆம் கிரகோரி கத்தோலிக்க விசுவாசத்தப் பரப்புறதுக்குன்னு ஒரு சபை ஆரம்பிச்சார், அதோட லத்தீன் பேர்ல இருந்துதான் புரொபகண்டாங்கிற சொல் வெளிய வந்துச்சு. அப்ப அது கெட்ட வார்த்தை இல்ல. முதல் உலகப் போர்ல ரெண்டு பக்கமும் போஸ்டரும் புளுகுமா அள்ளி விட்ட பிறகுதான் அதுக்கு நாத்தம் புடிச்சுது.

ஆனா ஹிட்லர் ஆட்சிக்கு அதுல கூச்சமே இல்ல. 1933 மார்ச்சுல ஒரு அமைச்சகமே தொறந்து அதுக்கு "மக்கள் அறிவொளி, பிரச்சாரம்"னு போர்டு மாட்டிட்டாங்க, அமைச்சர் ஜோசப் கோயபல்ஸ், இலக்கியத்துல டாக்டர் பட்டம் வாங்கினவர். ஹிட்லர் பேச்சும் தானா வந்த ஆவேசம் இல்ல, கைய எப்படி வீசணும் மொகத்த எப்படி வச்சுக்கணும்னு ஹோஃப்மன்ங்கிற போட்டோகிராபர வச்சுப் படம் புடிச்சுப் பார்த்துப் பழகின ஆளு, மேடையில மெதுவா ஆரம்பிச்சுக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கிட்டே போயி கடைசில கத்துவார். அந்தக் குரல் வீட்டுக்குள்ளயும் கேக்கணும்னு அதே வருஷம் 76 மார்க்குக்கு மலிவு ரேடியோ விட்டாங்க, மாடல் பேரு விஇ 301, ஜனவரி 30 ஹிட்லர் பதவிக்கு வந்த நாள் பாருங்க, அதான் 301. போர் தொடங்கினதும் வெளிநாட்டு ஸ்டேஷன் கேட்டாலே குற்றம்னுட்டாங்க.

உச்சம்னா 1943 பிப்ரவரி 18, பெர்லின் ஸ்போர்ட்பாலஸ்ட் அரங்கம். ரஷ்யாவுல ஸ்டாலின்கிராட்ல ஜெர்மன் படை சரணடைஞ்சு ரெண்டு வாரத்துக்குக் கொஞ்சம் மேலதான் ஆகியிருந்துச்சு, கோயபல்ஸ் அந்தத் தோல்விய மறைக்கல, அதையே காட்டிப் பயமுறுத்திட்டு வரிசையா பத்துக் கேள்வி கேட்டார், "முழுப் போர் வேணுமா?"ன்னதும், அதாவது நாட்டுல இருக்கிற எல்லாத்தையும் போருக்கே குடுக்கலாமான்னு கேட்டதும், கூட்டம் எந்திரிச்சு நின்னு ஆமான்னு கத்துச்சு. கூட்டம் பொறுக்கி எடுத்த கூட்டம், ஆனா ரேடியோவுல கேக்குறவனுக்கு நாடே கத்துற மாதிரி.

இப்போ தமிழுக்கு. பிரச்சாரம், பிரசாரம் ரெண்டும் வடமொழி வழி வந்தது, நல்ல தமிழ் பரப்புரை, பரப்பும் உரையும் சேர்ந்தது. சிக்கல் என்னன்னா ஓட்டு கேட்டு ஜீப்புல போறதும் நமக்குப் பரப்புரைதான், அதுல புரொபகண்டாவோட விஷம் ஏறல. பொய்ப்பரப்புரைன்னு சிலர் எழுதுறாங்க, எனக்கு அது அரைகுறையாத்தான் படுது, ஏன்னா ஸ்போர்ட்பாலஸ்ட்ல அவர் தோல்வின்னு சொன்னது உண்மைதானே, உண்மையையும் தனக்கு வேணும்கிற பக்கமா வளைச்சு நடுறதுதான் அந்த வித்தை. என்னக் கேட்டா "ஒருதலைப் பரப்புரை"ன்னு எழுதுவேன், ஒருதலைன்னதும் காதல் ஞாபகம் வருதுன்னு ஃப்ரெண்டு ஒருத்தன் சிரிக்கிறான், வந்தா வந்துட்டுப் போகட்டும்.