மார்ச்சில் எழுதும் கணக்கு, ஏப்ரலில் கேட்கும் வட்டி: என்எஃப்எல் அணிகள் ஆள் சேர்க்கும் விதம்

மார்ச் இரண்டாவது வாரம் வந்துவிட்டால் அமெரிக்க விளையாட்டுச் செய்திகளில் தொகை மழைதான். "4 ஆண்டு, 120 மில்லியன் டாலர்", "4 ஆண்டு, 180 மில்லியன் டாலர்" என்று வரிசையாக வந்து விழும். எந்த அணி ஜெயித்தது, எந்த அணி ஏமாந்தது என்று அன்று மாலைக்குள்ளேயே தீர்ப்பும் எழுதப்பட்டுவிடும். அடுத்த மாதம், கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாக முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் முடிந்ததும் இன்னொரு தீர்ப்பு வரும். இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பதில்தான் கோளாறு. அணி அலுவலகத்தில் அவை ஒரே கணக்குப் புத்தகத்தின் இரண்டு பக்கங்கள். அந்தப் புத்தகத்தை ஓராண்டுக்கு எழுதக் கூடாது, குறைந்தது மூன்று ஆண்டுக்கு எழுத வேண்டும்.

இங்கே பேசுவது தலைக்கவசம் போட்டு நீள்வட்டப் பந்தோடு ஆடும் அமெரிக்கக் கால்பந்து. என்எஃப்எல் அதன் தொழில்முறை லீக். மொத்தம் 32 அணிகள். எல்லா அணிக்கும் ஒரே சம்பள உச்சவரம்பு, பேச்சு வழக்கில் 'கேப்'. 2024இல் அது 255.4 மில்லியன் டாலர், 2025இல் 279.2 மில்லியன். ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒன்று முதலில் பிடிபடாது. அங்கே இந்த ஆண்டின் செலவை அடுத்த ஆண்டின் தலையில் எழுத முடியாது. என்எஃப்எல்லில் எழுதலாம். வசதியும் அதுதான், வினையும் அதுதான்.

அது எப்படி என்று ஒரு மாதிரி ஒப்பந்தத்தை வைத்தே பார்க்கலாம். 4 ஆண்டுக்கு 60 மில்லியன். அதில் 24 மில்லியன் சைனிங் போனஸ், கையெழுத்துப் போட்டதும் வீரருக்குச் சேர வேண்டிய பணம். மீதி 36 மில்லியன் சம்பளம்: 1.5, 10.5, 12, 12. போனஸ் வீரரின் கைக்குப் போய்விட்டாலும் கேப் கணக்கில் ஒப்பந்த ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்து எழுதலாம், அதிகபட்சம் 5 ஆண்டுகளுக்கு. இங்கே ஆண்டுக்கு 6. ஆகவே நான்கு ஆண்டுகளின் கேப் கணக்கு 7.5, 16.5, 18, 18. முதல் ஆண்டு மலிவாகத் தெரிவது இதனால்தான்.

இரண்டு ஆண்டு ஆடியபின் அவரை விடுவித்தால்? இன்னும் எழுதப்படாத போனஸ் 12 மில்லியன் மொத்தமாக மூன்றாம் ஆண்டின் கணக்கில் வந்து உட்காரும். இதை 'டெட் மணி' என்பார்கள். ஆள் போய்விட்டார், கடன் மட்டும் நிற்கிறது. 18 மிச்சமாகும் என்று நினைத்த இடத்தில் மிச்சம் வெறும் 6. வீரரின் பக்கம் பார்த்தால் அவர் வாங்கியது 24 + 1.5 + 10.5, அதாவது 36 மில்லியன். செய்தியில் வந்த "4 ஆண்டு 60" உண்மையில் "2 ஆண்டு 36" தான். புதிய ஒப்பந்தம் ஒன்றைப் படிக்கும்போது மொத்தத் தொகையைத் தள்ளிவைத்துவிட்டு மூன்றை மட்டும் பாருங்கள்: கையெழுத்தின்போதே உறுதியாகும் தொகை எவ்வளவு, முதல் இரண்டு ஆண்டில் கைக்கு வருவது எவ்வளவு, மூன்றாம் ஆண்டு தொடக்கத்தில் விடுவித்தால் டெட் மணி எவ்வளவு. கடைசி ஆண்டின் சம்பளம் பெரும்பாலும் அலங்காரத்துக்கு. 2022இல் மயாமிக்குப் போன டைரீக் ஹில்லின் ஒப்பந்தம் ஆண்டுக்குச் சராசரி 30 மில்லியன் என்று பேசப்பட்டது. கடைசி ஆண்டில் போட்டுவைத்திருந்த சுமார் 45 மில்லியன்தான் அந்தச் சராசரியைத் தூக்கிக் காட்டியது. அந்த ஆண்டுவரை அதே ஒப்பந்தம் அப்படியே ஓடும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

அடுத்தது 'ரீஸ்ட்ரக்சர்'. கேப்பில் இடமில்லாத அணி, இரண்டாம் ஆண்டின் 10.5 சம்பளத்தில் 9ஐ போனஸாக மாற்றுகிறது என்று வையுங்கள். வீரருக்கு நட்டமில்லை, பணம் முன்னதாகவே வந்துவிடுகிறது. அந்த 9 மீதமுள்ள மூன்று ஆண்டுக்கு மூன்று மூன்றாகப் பிரியும். இரண்டாம் ஆண்டின் கணக்கு 16.5இலிருந்து 10.5க்கு இறங்கும், மூன்றும் நான்கும் 18இலிருந்து 21க்கு ஏறும். இப்போது இரண்டாண்டு முடிந்து விடுவித்தால் டெட் மணி 12 அல்ல, 18. மிச்சம் 3. வயது 25 உள்ள, நிச்சயம் வைத்துக்கொள்ளப்போகும் வீரருக்கு இதைச் செய்வது நியாயமான கடன். 31 வயதுக்காரருக்குச் செய்தால், விடுவிக்கவேண்டிய ஆண்டில் விடுவிக்க முடியாமல் கையைக் கட்டிக்கொள்வதாகும். அவசரத்தில் இருக்கும் அணி இந்த இரண்டாவதைத்தான் அடிக்கடி செய்கிறது.

உச்சவரம்பு வருடாவருடம் ஏறும், நாளைய டாலர் மலிவு என்று இதற்கு ஒரு சமாதானம் உண்டு. பெரும்பாலும் உண்மைதான். ஆனால் 2020இல் 198.2 மில்லியனாக இருந்த கேப், கொரோனாவில் அரங்கங்கள் வெறிச்சோடியதால் 2021இல் 182.5க்கு இறங்கியது. ஏறும் என்று நம்பிக் கடனைத் தள்ளிப்போட்டிருந்த அணிகள் அந்த மார்ச்சில் நல்ல வீரர்களை விடுவித்துத்தான் கணக்கை நேராக்கின.

கடன் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு டென்வர்தான் உதாரணம். 2022இல் ரஸ்ஸல் வில்சனை வாங்க இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகள், இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுகள், ஓர் ஐந்தாம் சுற்றுத் தேர்வு, கூடவே மூன்று வீரர்களைக் கொடுத்தார்கள். ஒரு ஆட்டம்கூட ஆடுமுன் புதிய நீண்ட ஒப்பந்தமும் எழுதினார்கள். இரண்டே பருவம். 2024 மார்ச்சில் விடுவித்தபோது டெட் மணி 85 மில்லியன். 53 அந்த ஆண்டிலும் 32 அடுத்த ஆண்டிலுமாக அதைப் பிரித்து எழுதினார்கள். அப்படிப் பிரிக்க உதவுவது 'ஜூன் 1' விதி. ஜூன் 1க்குப் பின் விடுவிக்கப்பட்டவராகக் குறித்துவிட்டால் நடப்பு ஆண்டின் பங்கு மட்டும் இந்த ஆண்டில் விழும், மீதி அடுத்த ஆண்டுக்குப் போகும். ஓர் அணி இரண்டு பேருக்கு மட்டும் மார்ச்சிலேயே இந்தக் குறியைப் போடலாம். ஆனால் அதில் மிச்சமாகும் பணம் ஜூன் 2 அன்றுதான் கைக்கு வரும். ஒப்பந்தம் முடிந்த வீரர்களை மற்ற அணிகள் வாங்கும் ஃப்ரீ ஏஜென்சி கொதிக்கும் மார்ச்சில் அதைச் செலவழிக்க முடியாது.

கணக்கில் எதை ஒதுக்கி வைப்பது

பருவமில்லாக் காலத்தில் அதிகச் சம்பளமுள்ள 51 பேர்தான் முழுதாகக் கேப்பில் எண்ணப்படுவார்கள். முகாமில் 90 பேர் இருந்தாலும் அதுதான் கணக்கு. அதனால் டிராஃப்டில் வருபவர்களுக்குப் பலர் பயப்படும் அளவுக்கு இடம் தேவையில்லை. முதல் சுற்று வீரர் 4 மில்லியனுக்கு உள்ளே வந்தால், பட்டியலின் அடியிலுள்ள ஏறக்குறைய 1 மில்லியன் ஆள் வெளியே போவார். நிகரச் செலவு 3 மில்லியன். ஏழாம் சுற்று வீரர் அந்த 51க்குள் வருவதேயில்லை, அவருடைய சிறிய போனஸின் பங்கு மட்டும் எண்ணப்படும்.

பயப்படவேண்டியது பருவம் தொடங்கும் செப்டம்பருக்கு. அப்போது 53 பேரும் எண்ணப்படுவார்கள், காயப்பட்டோர் பட்டியலில் இருப்பவர்களும் எண்ணப்படுவார்கள். 16 பேர் கொண்ட பயிற்சி அணிக்கு 2025இன் குறைந்தபட்ச ஊதியமான வாரம் 13,000 டாலரில் 18 வாரத்துக்கு மட்டுமே ஏறக்குறைய 3.7 மில்லியன் வேண்டும். காயம் இல்லாத பருவம் கிடையாது. மே மாத முடிவில் கையில் 8 முதல் 12 மில்லியன் இல்லாத அணி, நவம்பரில் யாருடைய ஒப்பந்தத்தையாவது ரீஸ்ட்ரக்சர் செய்துகொண்டிருக்கும். மிஞ்சினால் வீணாவதில்லை, செலவாகாத கேப்பை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம்.

யாரிடமிருந்து வாங்குகிறோம்

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கவனிக்காமல் விடுவது ஈட்டுத் தேர்வுகளை. ஒப்பந்தம் முடிந்து போன வீரர்களை இழந்து, அதைவிடக் குறைவாக வாங்கிய அணிக்கு, அடுத்த ஆண்டு டிராஃப்டில் மூன்றாம் சுற்று முதல் ஏழாம் சுற்று வரை கூடுதல் தேர்வுகள் கிடைக்கும். ஓர் அணிக்கு அதிகபட்சம் 4, மொத்தம் 32. போன ஆளுக்கு எதிராக வந்த ஆளை வைத்துக் கழிப்பார்கள். நுணுக்கம் இதுதான்: ஒப்பந்தம் தானாக முடிந்த வீரரை வாங்கினால் மட்டுமே கழிப்பு. பழைய அணி விடுவித்த வீரரை வாங்கினால் கணக்கில் வராது. டிராஃப்டுக்கு அடுத்த திங்கட்கிழமைக்குப் பின் யாரை வாங்கினாலும் வராது.

இரண்டு லைன்பேக்கர்கள் (தடுப்பாட்டத்தின் நடு வரிசை வீரர்கள்) ஏறக்குறைய ஒரே தரம், ஒரே சம்பளம். ஒருவர் ஒப்பந்தம் முடிந்தவர், மற்றவர் விடுவிக்கப்பட்டவர். இரண்டாமவரை எடுக்கும் அணி அடுத்த ஆண்டு ஓர் ஐந்தாம் சுற்றுத் தேர்வைக் காப்பாற்றிக்கொள்ளக்கூடும். பால்டிமோர் ரேவன்ஸ் இதைக் கலையாகவே ஆக்கிவைத்திருக்கிறது. சின்னத் தேர்வுதானே என்று நினைப்பவர்களுக்கு: 2000இல் டாம் பிரேடியை எடுத்த 199ஆவது தேர்வு ஓர் ஈட்டுத் தேர்வு.

இன்னொரு எச்சரிக்கை. மார்ச் நடுவில் லீக் ஆண்டு தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து மற்ற அணி வீரர்களின் முகவர்களோடு பேச அனுமதி உண்டு. அப்போது வெளிவரும் "ஒப்புக்கொண்டார்" செய்தி யாரையும் கட்டுப்படுத்தாது. 2022இல் ராண்டி கிரெகரி டல்லாஸிலேயே இருப்பதாக அணியே அறிவித்த பிறகு, ஒப்பந்த வாசகத்தில் தகராறு வந்து அவர் டென்வருக்குப் போனார். மருத்துவப் பரிசோதனையிலும் கவிழும். 2020இல் மைக்கேல் பிராக்கர்ஸ் ரேவன்ஸோடு பேசிய 3 ஆண்டு 30 மில்லியன் ஒப்பந்தம் கணுக்கால் சந்தேகத்தில் நின்றுபோய், பழைய அணிக்கே திரும்பினார். ஆகவே ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டாம் பெயர், மூன்றாம் பெயர், அவரவருக்கான உச்ச விலை எல்லாம் முன்னதாகவே எழுதியிருக்க வேண்டும்.

ஏப்ரல்

மார்ச்சின் வேலை ஓட்டையை அடைப்பது மட்டுமே. தரமான ஆள் வேண்டியதில்லை, சமாளிக்கும் ஆள் போதும். இடது டேக்கிள் (தாக்குதல் வரிசையின் ஓரத்தில் எதிரணியைத் தடுத்து நிறுத்துபவர்) இடம் காலியாக டிராஃப்டுக்குள் போகும் அணி, 20ஆவது தேர்வில் தன் பட்டியலில் 40ஆம் இடத்திலுள்ள டேக்கிளை எடுத்துவிடும், அவரைவிட நல்ல கார்னர்பேக்கை (பந்து பிடிக்க ஓடுபவரை மறிக்கும் தடுப்பாட்டக்காரரை) விட்டுவிட்டு. ஓராண்டுக்கு 4 மில்லியனில் ஒரு மூத்த டேக்கிளை வாங்கியிருந்தால் அந்த நெருக்கடியே இருந்திராது.

பட்டியலை ஒன்று, இரண்டு என்று வரிசை எண்ணால் மட்டும் போடுவதைவிட அடுக்குகளாகப் போடுவது நல்லது. முதல் சுற்றில் 32 தேர்வு இருந்தாலும், ஓர் அணியின் பட்டியலில் உண்மையான முதல் சுற்றுத் தரம் பெறுபவர்கள் பெரும்பாலும் 15 முதல் 20 பேர்தான். 25ஆவது இடத்தில் இருந்துகொண்டு அந்த அடுக்கு தீர்ந்துவிட்டால் கீழே இறங்கிக் கூடுதல் தேர்வு வாங்குவதே சரி. அடுக்கில் கடைசி ஆள் மட்டும் மிஞ்சியிருந்தால் மேலே ஏறலாம்.

ஏறுவதற்கான விலையை 1990களில் டல்லாஸ் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் காலத்தில் உருவான புள்ளி அட்டவணையை வைத்து இன்னும் பேசுகிறார்கள். முதல் தேர்வு 3000, 7ஆவது 1500, 12ஆவது 1200, 60ஆவது 300. ஆக 12இலிருந்து 7க்கு ஏற 60ஆவது தேர்வைக் கூடக் கொடுத்தால் கணக்கு நேர். ஆனால் அந்த அட்டவணை உச்சியிலுள்ள தேர்வுகளுக்கு அதிக விலை போடுகிறது. பொருளியலாளர்கள் ரிச்சர்ட் தேலரும் கேட் மேசியும் இதைக் கணக்கிட்டே காட்டினார்கள். மேலே ஏறுபவர் கொடுப்பது பெரும்பாலும் கூடுதல் விலை. அதிலும் அடுத்த ஆண்டின் முதல் சுற்றைக் கொடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு காசோலையில் கையெழுத்துப் போடுவது போல. 2023இல் கரோலைனா, சிகாகோவோடு பேரம் பேசி முதல் தேர்வுக்கு ஏறி பிரைஸ் யங்கை எடுத்தது. கொடுத்ததில் 2024இன் முதல் சுற்றும் ஒன்று. அந்தப் பருவத்தில் அணி 2 வென்று 15 தோற்றது. கொடுத்த தேர்வு அடுத்த டிராஃப்டின் முதல் தேர்வாகவே ஆகி, சிகாகோ அதில் கேலெப் வில்லியம்ஸை எடுத்தது.

முதல் சுற்றின் வால்நுனிக்குத் தனி மதிப்பு உண்டு. டிராஃப்டில் வருபவர் எல்லாருக்கும் 4 ஆண்டு ஒப்பந்தம், முதல் சுற்றுக்காரருக்கு மட்டும் ஐந்தாம் ஆண்டை அணி தன் விருப்பத்தில் சேர்த்துக்கொள்ளலாம். 2018இல் ரேவன்ஸ் 32ஆம் இடத்துக்கு ஏறி லமார் ஜாக்சனை எடுத்ததில் இந்த ஓராண்டும் அடக்கம்.

இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்க்காமல் எழுதப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு அட்லாண்டாவின் 2024. மார்ச்சில் குவார்ட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர்) கிர்க் கசின்ஸுக்கு 4 ஆண்டு 180 மில்லியன், அதில் 100 உறுதி. ஏப்ரலில் 8ஆவது தேர்வில் இன்னொரு குவார்ட்டர்பேக், மைக்கேல் பெனிக்ஸ். டிசம்பரில் கசின்ஸ் பெஞ்சுக்குப் போனார். வாரிசை முன்னதாகவே எடுத்துவைப்பது தப்பில்லை, கிரீன் பே 2005இல் ஆரன் ராட்ஜர்ஸை அப்படித்தான் எடுத்தது. ஆனால் இளம் குவார்ட்டர்பேக்கின் முழு லாபமே அவர் மலிவாக இருக்கும் அந்த நான்கு ஆண்டுகள்தான். மிச்சப் பணத்தில் மற்ற இடங்களை வலுப்படுத்தலாம். கிரீன் பே ஏற்கனவே இருந்தவருக்குப் பின்னால் வாரிசை நிறுத்தியது. அட்லாண்டா ஒரே வசந்தத்தில் புதிதாக இரண்டு விலை கொடுத்தது. போதாக்குறைக்கு, கசின்ஸிடம் அனுமதியின்றி முன்கூட்டியே பேசியதற்காக 2025இன் ஐந்தாம் சுற்றுத் தேர்வையும் லீக் பறித்துக்கொண்டது.

மறுபக்கம் கான்சஸ் சிட்டி. அதே டைரீக் ஹில்லை 2022இல் ஐந்து தேர்வுகளுக்குக் கொடுத்துவிட்டு, அதில் இரண்டையும் சேர்த்துக் கொடுத்து 21ஆம் இடத்துக்கு ஏறி கார்னர்பேக் டிரென்ட் மெக்டஃபியை எடுத்தார்கள். அந்தப் பருவத்துக்கும் அடுத்த பருவத்துக்கும் சூப்பர் பௌல், அதாவது லீக்கின் இறுதிப் போட்டிக் கோப்பை, அவர்களுடையது.

டிராஃப்டுக்கு அடுத்த திங்கள் கழிந்ததும் இரண்டாம் சந்தை திறக்கும். ஈட்டுத் தேர்வுக் கழிப்பு பயம் இல்லை, விலையும் இறங்கியிருக்கும். விட்டுப்போன ஓட்டைகளுக்கு ஓராண்டு ஒப்பந்தத்தில் மூத்த வீரர்களை இங்கேதான் எடுப்பார்கள். அதையும் கடந்து செப்டம்பர் வரை காத்திருக்கும் அணிகளும் உண்டு. குறைந்தது நான்கு பருவம் ஆடிய வீரர் முதல் வாரப் பட்டியலில் இருந்துவிட்டால், பிறகு விடுவிக்கப்பட்டாலும் அந்தப் பருவத்தின் முழுச் சம்பளத்தையும் கோர முடியும். அதனால்தான் முதல் வார ஆட்டங்கள் முடிந்த மறுநாள் பல மூத்த வீரர்களின் தொலைபேசி ஒலிக்கிறது.