ப்ராஸ்பெக்ட்னா வரனா, நாத்தா?

அமெரிக்கா கிழக்குக் கரைல சாயங்காலம் ஏழு மணிக்கு மேட்ச் ஆரம்பிச்சா நமக்கு விடியக்காலை நாலரை. அந்த நேரத்துல முழிச்சு பேஸ்பால் பாக்கறதே வீட்ல பெரிய கூத்து, அதுலயும் நான் மேஜர் லீக் (அங்க உச்சத்துல இருக்கற பேஸ்பால் லீக்) ஸ்கோர விட்டுட்டு டர்ஹம், டொலிடோ மாதிரி ஊர் டீம்ல ஆடற 20 வயசுப் பையன் நேத்து எத்தன தடவ ஸ்ட்ரைக் அவுட் ஆனான்னு தேடிட்டு இருப்பேன். யாருடா அது பெரிய ப்ளேயரான்னு கேப்பாங்க. இல்ல, ப்ராஸ்பெக்ட்னு சொல்லுவேன். அப்படின்னா? அங்கதான் மாட்டிக்குவேன், ஏன்னா தமிழ்ல ஒரே வார்த்தைல சொல்ல வரல. அதுக்குத்தான் இந்த ஆராய்ச்சி.

மொதல்ல அர்த்தம். பேஸ்பால்ல ப்ராஸ்பெக்ட்னா, ஒரு மேஜர் லீக் க்ளப் ஒப்பந்தம் போட்டு தன் கைல வச்சிருக்கற, இன்னும் மேஜர் லீக்ல நெலச்சு ஆடாத, ஆனா ஒருநாள் ஆடுவான்னு நம்பிக்கை இருக்கற இளம் ஆட்டக்காரன். "க்ளப் கைல வச்சிருக்கற"ங்கறத கவனிங்க, நம்ம ரஞ்சி ப்ளேயர் மாதிரி இல்ல இது. ரஞ்சில ஒருத்தன் மாநிலத்துக்கு ஆடறான், ஐபிஎல் டீம் ஏலத்துல வந்து எடுத்துக்குது. அங்க பையன் காலேஜ் முடிச்சோ ஸ்கூல் முடிச்சோ டிராஃப்ட்ல (க்ளப்புங்க முறை வச்சு புதுப் பசங்கள தேர்ந்தெடுக்கறது) வர்றான், டொமினிக்கன் குடியரசு, வெனிசுவேலா பசங்கன்னா 16 வயசுலயே கையெழுத்துப் போடறாங்க, அதுக்கப்புறம் அவன் எந்த ஊர்ல எந்த லெவல்ல ஆடணும்னு முடிவு பண்றது தாய் க்ளப்தான். 2021ல மாத்தி அமைச்சதுக்கு அப்புறம் 30 க்ளப்புக்கும் ஆளுக்கு நாலுன்னு 120 மைனர் லீக் டீம் இருக்கு. கீழருந்து சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ. அதுக்கும் கீழ அரிசோனா, ஃப்ளோரிடா பயிற்சி மைதானங்கள்ல ரூக்கி (புதுமுகம்) லீக், டொமினிக்கன்ல ஒரு சம்மர் லீக்.

இந்தப் பட்டத்துக்கு எக்ஸ்பைரி டேட்டும் உண்டு, அது எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம். மேஜர் லீக்ல 130 அட்-பேட்ட (பேட் புடிச்சு அடிக்க நிக்கற வாய்ப்பு) தாண்டிட்டா, பிட்சரா (பந்து எறியறவன்) இருந்தா 50 இன்னிங்ஸ தாண்டிட்டா, இல்லன்னா அணியோட ஆக்டிவ் ரோஸ்டர்ல (ஆடத் தயாரா இருக்கறவங்க பட்டியல்) 45 நாளுக்கு மேல இருந்துட்டா அவன் ரூக்கி கிடையாது, ப்ராஸ்பெக்ட் லிஸ்ட்லயும் பெரும்பாலும் பேர் இருக்காது. இதுக்கு அங்க "கிராஜுவேட் ஆயிட்டான்"னு சொல்றாங்க.

இப்ப வார்த்தை எங்கருந்து வந்துச்சுன்னு பாப்போம். மூலம் லத்தீன். "ப்ரோ"ன்னா முன்னால, "ஸ்பெகெரே"ன்னா பாக்கறது. ரெண்டும் சேந்து முன்னால தள்ளிப் பாக்கறது. இங்கிலீஷ்ல மொதல்ல கண்ணுக்கு முன்னால தெரியற காட்சி, ஒரு மேட்டுல நின்னா விரியுதே அந்தக் காட்சிதான் ப்ராஸ்பெக்ட். அப்புறம் காலத்துல முன்னால தெரியறது, அதாவது வருங்கால வாய்ப்பு. ஷேர் வாங்கும்போது கம்பெனி தர்ற ப்ராஸ்பெக்டஸும் இதே வேர்தான். அடுத்து 1848ல கலிஃபோர்னியாவுல தங்கம் கெடச்சு ஊரே மம்பட்டியும் தட்டுமா கெளம்புச்சு பாருங்க, அந்தக் காலத்து அமெரிக்கப் பேச்சுல மண்ண அள்ளி அலசி தங்கம் இருக்கா இல்லையான்னு தேடறதுக்கே இந்த வார்த்தைய வினைச்சொல்லா மாத்திட்டாங்க, தேடறவன் ப்ராஸ்பெக்டர். சேல்ஸ்ல இருக்கறவங்க வாங்கினாலும் வாங்குவான்ங்கற ஆள ப்ராஸ்பெக்ட்னு சொல்லுவாங்க, நம்மூர் இன்சூரன்ஸ் ஏஜென்ட் வாய்லயும் இது வரும். பேஸ்பால் இதெல்லாத்தையும் சேத்து எடுத்துக்கிச்சு. ஆற்றுமணல அலசற மாதிரி ஸ்கவுட், அதாவது க்ளப்புக்கு ஆள் தேடறவன், ஊர் ஊரா அலையறான், கைல பந்து வேகத்த அளக்கற ரேடார் கன், நோட்டு.

ஒண்ணு கவனிச்சீங்களா, இந்த வார்த்தை ஆடறவனப் பத்தினதே இல்ல, பாக்கறவனப் பத்தினது. அந்தப் பையன் என்ன பண்ணிட்டான்னு இது சொல்லல, நாம அவன்கிட்ட என்னத்தப் பாக்கறோம்னுதான் சொல்லுது. அதனாலதான் ஸ்கவுட் ரிப்போர்ட்ல ஒவ்வொரு திறமைக்கும் 20லருந்து 80 வரைக்கும் மார்க் போடும்போது இன்னிக்கு எவ்ளோ, நாளைக்கு எவ்ளோ ஆகும்னு ரெண்டு நம்பர் போடுவாங்க. 50ன்னா மேஜர் லீக் சராசரி. ஒரு பையனுக்கு பவர் 40, வருங்காலத்துல 60ன்னு போட்ருந்தா, அந்த 60 அவன் கைல இல்ல, எழுதினவர் கண்ணுல இருக்கு.

சரி, தமிழ். பேப்பர்காரங்க "நம்பிக்கை நட்சத்திரம்"னு போடுவாங்க. வேணாம், நூறு மேட்ச் ஆடி முடிச்சவனுக்கும் அதான் பட்டம், அரசியல்வாதி மகனுக்கும் அதான். "வளரும் வீரர்"னா வயசு மட்டும் தெரியுது. வேர்ச்சொல்லுக்கு நேர் நேரா வேணும்னா "எதிர்நோக்கு" அச்சு அசலா பொருந்தும், எதிர்னா முன்னால, நோக்குன்னா பார்வை, லத்தீன்காரன் கோத்த அதே மாதிரி நாமளும் கோத்துருக்கோம். ஆனா "எதிர்நோக்கு வீரர்"னு எழுதிப் பாருங்க, எதிரணி ஆளுன்னு நெனச்சுக்குவாங்க. ஸ்போர்ட்ஸ்ல எதிர்ங்கற சொல்ல ஏற்கனவே வேற வேலைக்கு வச்சாச்சு.

வீட்டுப் பேச்சுல ஒரு சொல் இருக்கு, வரன். சிரிக்காதீங்க. இன்னும் மாப்பிள்ளை ஆகல, ஆனா ஆகலாம், அதனால வரன். ஜாதகம்தான் ஸ்கவுட்டிங் ரிப்போர்ட், பையன நேர்ல போய்ப் பாக்கணும், நாலு பேர்கிட்ட விசாரிக்கணும், கல்யாணம் ஆச்சுன்னா அன்னியோட அந்தப் பேர் போச்சு. பாக்கறவங்க பார்வைல இருக்கற ஒருத்தன்ங்கற அர்த்தம் இவ்ளோ துல்லியமா வேற எந்தத் தமிழ்ச் சொல்லுக்கும் இல்ல. ஆனா வரன் சமஸ்கிருத வழி, அது போகட்டும், வரன் வளர்றது இல்லையே. பாத்து முடிச்சா வேணும் வேணாம்னு ரெண்டே முடிவு. ப்ராஸ்பெக்ட்ட நாலஞ்சு வருஷம் தண்ணி ஊத்தி வளக்கணும்.

அங்கதான் நாத்து வருது. எழுத்துல நாற்று. மைனர் லீக்குக்கு அவங்களே வச்ச பேர் ஃபார்ம் சிஸ்டம், அதாவது பண்ணை. 1920கள்ல செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ நடத்துன பிராஞ்ச் ரிக்கி, பணக்கார க்ளப்போட போட்டி போட்டு ரெடிமேட் ஆட்டக்காரன வாங்க காசு இல்லாததால சின்ன டீம்களையே வாங்கிப்போட்டு ஆள தானே வளத்தெடுக்க ஆரம்பிச்சார், 1940 வாக்குல 30 டீமுக்கு மேல அவங்க கைல. அப்ப பேஸ்பாலுக்கே தலைவரா இருந்த கமிஷனர் லேண்டிஸுக்கு இது புடிக்கல, பசங்கள அடச்சு வைக்கறாங்கன்னு 1938ல கார்டினல்ஸோட 70க்கும் மேல ஆட்டக்காரங்கள விடுவிச்சுட்டார். ஆனாலும் எல்லா க்ளப்பும் அந்த வழிக்கே வந்துச்சு.

பண்ணைன்னு அவன் சொன்னா நமக்கு நாத்தங்கால்னு ஒரு படி மேல துல்லியமா சொல்லத் தெரியும். நெல்ல நேரா வயல்ல வெதைக்காம சின்ன எடத்துல நெருக்கமா வளத்து, நாள் பாத்துப் பறிச்சு, முடி கட்டி, பெரிய வயல்ல நடறோம். நட்ட பெறவு அது நாத்து இல்ல, பயிர். 130 அட்-பேட் ரூலும் இதும் ஒண்ணுதானே.

இன்னொரு பொருத்தம் இருக்கு, அதுதான் என்னைய இந்தச் சொல்லுக்கு மொத்தமா இழுத்துச்சு. நாத்துக்கு வயசு முக்கியம். குறுகிய கால நெல்லுன்னா மூணு வாரம் சுமார்ல பறிச்சு நட்டுடணும், விட்டா முத்திப்போகும், முத்தின நாத்த நட்டா சரியா தூர் கட்டாது. மைனர் லீக்க ஃபாலோ பண்றவன் மொதல்ல பாக்கறதும் ஆவரேஜ் இல்ல, வயசுதான். டபுள்-ஏல 20 வயசுப் பையன் .260 (ஆயிரம் அட்-பேட்டுக்கு 260 ஹிட்ங்கற கணக்கு) அடிச்சா கொண்டாடலாம், அதே லெவல்ல 26 வயசு ஆள் .310 அடிச்சா அவன் சின்னப் பசங்கள அடிக்கறான்னுதான் அர்த்தம். ஹுவான் சோட்டோவ எடுத்துக்கோங்க, 2018 சீசன சிங்கிள்-ஏல ஆரம்பிச்சார், ஹேகர்ஸ்டவுன், பொட்டோமக், ஹாரிஸ்பர்க்னு மூணு டீம்லயும் சேத்து 39 மேட்ச்தான், மே 20ஆம் தேதி வாஷிங்டன் நேஷனல்ஸ் மேல கூப்ட்டுக்கிச்சு, வயசு 19. டிரிபிள்-ஏ பக்கமே போகல.

அடுத்து எந்த மண்ணுல வளருதுன்னு பாக்கணும். ஆல்புகர்கி 5000 அடிக்கு மேல இருக்கற ஊர், காத்து லேசு, பந்து பறக்கும், அங்க அடிச்ச 30 ஹோம் ரன்ன அப்படியே நம்பக் கூடாது. ஸ்ட்ரைக் அவுட் எத்தன, வாக் (நாலு தப்பான பந்து வந்தா அடிக்காமயே மொத பேஸுக்குப் போறது) எத்தன, லெவல் ஏறும்போது அது ரெண்டும் மோசமாகுதாங்கறதுதான் நான் பாக்கறது. ரெண்டு வாரம் வெளுத்துக் கட்டினான்னு குதிச்சு நான் பல தடவ மூக்கு ஒடஞ்சிருக்கேன்.

"வெளையும் பயிர் மொளையிலே தெரியும்"னு வாய் வந்துரும் இங்க. தெரியாது சார். மைக் பியாசா 1988 டிராஃப்ட்ல 62ஆவது ரவுண்டுல 1390ஆவது ஆளா, குடும்ப நண்பரான டாட்ஜர்ஸ் மேனேஜர் டாமி லசோர்டாவுக்காக எடுத்த ஆள், 427 ஹோம் ரன் அடிச்சு 2016ல ஹால் ஆஃப் ஃபேம் போனார். பிரையன் டெய்லர் 1991ல டிராஃப்ட்ல மொத ஆள், யாங்கீஸ் 15.5 லட்சம் டாலர் குடுத்தாங்க, அடுத்த வருஷம் பேஸ்பால் அமெரிக்கா பத்திரிகை லிஸ்ட்ல நம்பர் ஒன், 1993 டிசம்பர்ல ஒரு அடிதடில தோள்பட்டை கிழிஞ்சு ஒரு மேஜர் லீக் மேட்ச்கூட ஆடாமயே முடிஞ்சுபோச்சு. இந்தியாலருந்தும் ரெண்டு நாத்து போச்சு தெரியுமா, 2008ல வேகமா எறியற போட்டி ஒண்ணு வச்சு ஈட்டி எறியற பசங்க ரிங்கு சிங், தினேஷ் படேல் ரெண்டு பேரையும் புடிச்சாங்க, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் போட்டுச்சு. அதுக்கு முன்னாடி பேஸ்பாலே ஆடாதவங்க. மேல வரைக்கும் போகல ரெண்டு பேரும். (கேகேஆர் ரிங்கு சிங் வேற, இவர் பின்னாடி மல்யுத்த ஷோவுக்குப் போயிட்டார்.)

நாத்துங்கற சொல்லுக்கு ஒரு கொறை உண்டு, மறைக்கல. வயல்ல பறிச்ச நாத்துல பெரும்பகுதிய நட்டுடுவோம், அங்க பெரும்பாலான பசங்களுக்கு நடவே கெடையாது, டிரிபிள்-ஏலயே வருஷத்துக்கு கொறஞ்ச சம்பளம் 35,800 டாலர்னு 2023 ஒப்பந்தத்துலதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி இன்னும் மோசம். ஆனா அதுக்கும் வயல்ல சொல் இருக்கு. நட்டு ஒரு வாரத்துல செத்த குத்த எடுத்துட்டு மிச்ச நாத்த அங்கங்க சொருகுவோமே பாடுவாசின்னு, மேல எவனாவது காயம்பட்டா டிரிபிள்-ஏலருந்து பத்து நாளைக்குக் கூப்ட்டு திருப்பி அனுப்பற 28 வயசு ஆளுக்கு அது கச்சிதமா ஒட்டும்.

அதனால என் கணக்குல ப்ராஸ்பெக்ட்னா நாற்று வீரர், டாப் 100 ப்ராஸ்பெக்ட் லிஸ்ட்னா நாற்றுப் பட்டியல், கிராஜுவேட் ஆனா "நட்டாச்சு". எதிர்பாத்து ஏமாந்தா பஸ்ட்னு சொல்றாங்களே, அதுக்கு சாவின்னு சொல்லலாம், உள்ள மணியில்லாத நெல்லு. பிரையன் டெய்லருக்கு மட்டும் அந்தச் சொல்ல நான் போட மாட்டேன், அது நாத்தங்கால்ல மாடு எறங்கின கதை.