சயனோடாக்சின்: நீலப்பாசி நஞ்சு

ஏரி குளங்களில் பச்சைச் சாயத்தைக் கொட்டியதுபோலப் படரும் நீலப்பச்சைப் பாசிகளில் சில, நஞ்சு உண்டாக்குபவை. அந்த நஞ்சுகளுக்குப் பொதுப்பெயர் சயனோடாக்சின்.

சொல்லின் இரு பாதிகளும் கிரேக்கம். 'கியானோஸ்' என்றால் கருநீலம். 'டாக்சோன்' என்றால் வில்; அம்பு முனையில் தடவும் நஞ்சு 'டாக்சிகோன்'. காலப்போக்கில் வில் கழன்றுபோய் நஞ்சு மட்டும் சொல்லில் தங்கிவிட்டது. சயனைடுக்கும் கியானோஸ்தான் வேர், பிரஷ்ய நீலம் என்ற சாயத்தின் வழியாக. உறவு பெயரோடு சரி, பாசியின் நஞ்சு சயனைடு அல்ல.

தமிழில் 'சயனோநச்சு' என்று பாதியை மட்டும் பெயர்ப்பதைவிட 'நீலப்பாசி நஞ்சு' என்பதே மேல். தனித்து நின்றால் நஞ்சு, அடுத்த சொல்லோடு புணர்ந்தால் நச்சு: நச்சுப்பாம்பு, நச்சுப்பாசி. இவை பாசியே அல்ல, பாக்டீரியா என்று ஆட்சேபிக்கலாம். உண்மைதான். ஆனால் நெல்வயலுக்கு உயிர் உரமாகும் நீலப்பச்சைப் பாசியும் மாத்திரையாக விற்கும் சுருள்பாசியும் இதே கூட்டம்தான். ஊரில் ஊன்றிய பெயரைப் பிடுங்குவானேன்?

இந்த நஞ்சுகளில் அதிகம் ஆராயப்பட்டது மைக்ரோசிஸ்டின். ஏழு அமினோ அமிலங்கள் வளையமாகக் கோத்த மூலக்கூறு இது. மைக்ரோசிஸ்டிஸ் என்ற பாசியில் முதலில் கண்டதால் இந்தப் பெயர். பாசி உயிரோடு இருக்கும்வரை நஞ்சு பெரும்பாலும் செல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கும். அதனால் முதலில் அடிபடுவது பாசியை விழுங்கும் விலங்கு மிதவையுயிரிகள், குறிப்பாக டாஃப்னியா எனப்படும் நீர்த்தெள்ளு. கால்களிலுள்ள மயிர்ச்சல்லடையால் நீரை வடித்து, அகப்பட்டதை அப்படியே உள்ளே தள்ளும் பிராணி அது. உள்ளே போன பாசி குடலில் சிதைந்ததும் நஞ்சு வெளிப்பட்டு, உயிரணுக்களின் வேலையை ஒழுங்குபடுத்தும் பாஸ்ஃபடேஸ் நொதிகளை முடக்குகிறது. இரை எடுப்பது குறையும், வளர்ச்சி குன்றும், முட்டைகள் குறையும்.

பழி முழுவதையும் நஞ்சின்மேல் போட்டுவிடவும் முடியாது. மைக்ரோசிஸ்டிஸின் பிசினோடு கூடிய திரள்கள் விழுங்க முடியாத அளவுக்குப் பெரியவை. இழைப்பாசிகளோ சல்லடையை அடைத்துவிடும். விழுங்கினாலும் ஸ்டெரால் போன்ற தேவையான கொழுப்புகள் இந்தப் பாசிகளில் மிகக் குறைவு. எனவே நஞ்சில்லாத ரகம்கூட மோசமான சாப்பாடுதான். துடுப்புக்காலிகள் (கோப்பிபாடுகள்) என்ற மற்றொரு வகை மிதவையுயிரிகளில் பலவும் இரையைப் பொறுக்கித் தின்பதால் ஓரளவு தப்பிக்கின்றன. பெரிய நீர்த்தெள்ளுகள் குறைந்து, துடுப்புக்காலிகளும் ரோட்டிஃபர் என்ற மிகச் சிறிய மிதவையுயிரிகளும் மிஞ்சும் ஏரியில் நல்ல பாசியை மேய்வதும் குறைகிறது.

நீர்த்தெள்ளு இதற்குப் பழகிக்கொள்ளுமா? ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா எல்லையிலுள்ள கான்ஸ்டன்ஸ் ஏரியில் இதற்கு அருமையான சான்று கிடைத்தது. பாஸ்பரஸ் பெருகியதால் 1960, 70களில் அங்கே நீலப்பச்சைப் பாசி மிகுந்தது. அடிச் சேற்றில் புதைந்து உறங்கிய நீர்த்தெள்ளு முட்டைகளை எடுத்து, ஆய்வகத்தில் பொரிக்க வைத்து, நச்சுப் பாசி கலந்த இரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1999இல் வெளியான முடிவுகளின்படி, பாசி பெருகிய பிந்தைய காலத்து முட்டைகளிலிருந்து வந்தவை, முந்தையவற்றைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தன. முழுத் தடுப்பாற்றல் என்று சொல்ல முடியாது. நச்சுப்பாசி கலந்த இரையில் அவற்றுக்கும் வளர்ச்சி குறையத்தான் செய்தது, முந்தைய தலைமுறை அளவுக்கு இல்லை.