காருக்கு டிஃப்யூசர் மாட்டலாமா? ஆர்.சி. புக்கும் சட்டமும் சொல்வது

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏற்காடு அடிவாரத்தில் நின்றால், பின்பம்பருக்குக் கீழே, அடியில் ஓடும் காற்றை விரித்து வெளியேற்றுவதற்கான கறுப்புத் துடுப்பு மாதிரி டிஃப்யூசர் மாட்டிய கார்கள் மலையேறுவதைப் பார்க்கலாம். கேட்டால் சிலர் ‘பிளாஸ்டிக்தானே, யார் கேட்கப் போகிறார்கள்’ என்பார்கள், சிலர் ‘எதை மாட்டினாலும் கேஸ்’ என்று பயப்படுவார்கள். இரண்டுமே சரியில்லை.

1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுதான் இதற்கு அடிப்படை. கம்பெனி முதலில் குறிப்பிட்ட விவரத்தோடு ஆர்.சி.யில் இருக்கும் விவரம் ஒத்துப்போகாதபடி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. 2019 ஜனவரியில், கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில், உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. ஆனால் அதே பிரிவின் கடைசியில் ஒரு சின்ன விளக்கம் இருக்கிறது, பலரும் அதுவரை படிப்பதில்லை. வண்டியின் கட்டமைப்பில் கைவைத்து, அதனால் அதன் அடிப்படை அம்சமே மாறிப்போனால்தான் அது ‘மாற்றம்’.

இதை டிஃப்யூசருக்குப் பொருத்திப் பாருங்கள். இருக்கிற பம்பரின் எல்லைக்குள்ளேயே போல்ட் போட்டு மாட்டி, வேண்டாமென்றால் கழற்றிவிடலாம் என்ற அளவில் இருந்தால் ஆர்.சி.யில் ஒரு வரிகூட மாறாது. அதுவே பம்பருக்குள் மோதலைத் தாங்குவதற்காக இருக்கும் இரும்பு பீமை அறுத்து, அடித்தளத்தில் வெல்டிங் வைத்து, ஒரு ஜாண் வெளியே நீட்டிக்கொண்டு போனால் கதை வேறு. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ என்பதைக் கவனியுங்கள், மூன்று செய்திருந்தால் 15,000.

உண்மையில் பல பேர் மாட்டிக்கொள்வது டிஃப்யூசரால் இல்லை, அதோடு சேர்த்துச் செய்யும் வேலையால். நடுவில் நீல நிற எல்.இ.டி. பட்டை ஒட்டுகிறார்கள். மத்திய மோட்டார் வாகன விதி 108-படி பின்பக்கம் சிவப்பு தவிர வேறு நிற வெளிச்சம் தெரியக் கூடாது, இண்டிகேட்டர், ரிவர்ஸ் லைட், நம்பர் பிளேட் லைட் மாதிரி சிலதுக்குத்தான் விலக்கு. அப்புறம் இரட்டைக் குழாய் தெரிய வேண்டுமென்று சைலன்சரை அறுக்கிறார்கள். சத்தமோ புகையோ அளவு தாண்டினால் 190-வது பிரிவு வரும், முதல் தடவையே 10,000 ரூபாய் வரை போகும், மூன்று மாதம் லைசென்ஸும் பறிபோகும். நம்பர் பிளேட்டைச் சாய்த்தோ மறைத்தோ வைப்பதும் வேண்டாம்.

சரி, மாட்டினால் பலன் உண்டா? காருக்கு அடியில் வேகமாக ஓடும் காற்று, பின்பக்கம் மெல்ல விரிந்து வெளியேற வழி கிடைத்தால் அடியில் அழுத்தம் குறையும், வண்டி ரோட்டோடு ஒட்டி நிற்கும், பின்னால் இழுக்கும் சுழலும் குறையும். ஆனால் அதற்கு முதலில் அடித்தளம் தட்டையாக இருக்க வேண்டும். நம் கார்களில் சைலன்சர், டேங்க், ஆக்ஸில் எல்லாம் தொங்கிக்கொண்டிருக்கும்போது பின்னால் மட்டும் நான்கு துடுப்பு வைத்தால், காற்று அதுவரை ஒழுங்காக வந்து சேர்வதே இல்லை. டிஃப்யூசரின் சரிவை அதிகமாக வைத்தால் காற்று அதன் பரப்பை விட்டுப் பிரிந்துபோய், இருந்த பலனும் கெடும். இன்னொன்று, வண்டியை ரோட்டோடு அழுத்தும் இந்த விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவது. பெங்களூரு ரோட்டில் 100-ல் போகும்போது கிடைப்பதில், ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவில் 25-ல் திரும்பும்போது பதினாறில் ஒரு பங்குதான் இருக்கும். அந்த இருபது வளைவுகளிலும் உங்களைக் காப்பாற்றுவது நல்ல டயரும் பிரேக்கும்தான், இதை நான் அழுத்தியே சொல்கிறேன்.

அடித்தளத்தைத் தட்டையாக்க அடித்தட்டு (அடியை மூடும் ஷீட்) போடுபவர்கள் வெப்பத்தைப் பற்றிக் கட்டாயம் யோசிக்க வேண்டும். சைலன்சரும், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் கடும் சூடாகும் இடத்தில் சாதாரண பிளாஸ்டிக் ஷீட்டை ஒட்டி மூடினால் உருகும், இடுக்கில் காய்ந்த சருகு சேர்ந்தால் தீப்பிடிக்கவும் கூடும். மலையில் சருகுக்குப் பஞ்சமே இல்லை. கிரவுண்ட் கிளியரன்ஸ் எவ்வளவு குறையும் என்பதையும் அளந்துவிட்டு மாட்டுங்கள், ஆள் ஏறிய வண்டியில் அளந்தால்தான் ஸ்பீடு பிரேக்கரில் இடிக்குமா என்பது தெரியும்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் மாட்டி, பின்னால் இடி வாங்கினால், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் கேட்கும் முதல் கேள்வியே அதுவாக இருக்கும். காருக்கு 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போதும் ஆய்வாளர் வண்டியை நேரில் பார்ப்பார், அதனால் கழற்றிய பழைய பாகத்தைத் தூக்கிப் போடாமல், பில்லோடு வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.