குளிசையும் தாம்பத்தியமும்: புரோலக்டின் ஏறுவது எப்படி?

மூதூரிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் திருகோணமலைக்கு மனநலக் கிளினிக்குக்காக வருகின்றவர்கள் தூக்கம், பசி, கைநடுக்கம் பற்றித் தயங்காமல் சொல்வார்கள். தாம்பத்திய உறவில் நாட்டம் அற்றுப்போனதை, வரிசையில் பின்னால் ஊர்க்காரர் நிற்கையில், யார்தான் சொல்வார்? பலர் ஒருவரிடமும் சொல்லாமல் குளிசையை நிறுத்திவிடுகிறார்கள்; நோய் திரும்புகிறது.

மனச்சிதைவு நோய்க்கான மருந்துகளில் பெரும்பாலானவை மூளையில் டோபமின் என்ற இரசாயனத் தூதுப்பொருள் வந்து ஒட்டும் ஏற்பிகளை மறித்தே இல்லாத குரல்கள் கேட்பதை அடக்குகின்றன. ஆனால் டோபமினுக்கு வேறொரு பணியும் உண்டு. மூளையின் ஒரு பகுதியான ஹைபோதலமசில் சுரக்கும் அது, மூளையின் அடியில் உள்ள கபச்சுரப்பியை அடைந்து, பால் சுரப்புக்குரிய புரோலக்டின் என்ற ஓமோன் மிகாதபடி எந்நேரமும் தடுத்துவைக்கிறது. மருந்து அங்கும் ஏற்பிகளை மறிப்பதால் தடை விலகிப் புரோலக்டின் பெருகுகிறது. பெருகிய புரோலக்டின் இனப்பெருக்க ஓமோன்களைத் தூண்டும் சமிக்ஞையைத் தணிப்பதால், ஆணில் டெஸ்டோஸ்டிரோனும் பெண்ணில் ஈஸ்ட்ரோஜனும் தாழ்ந்து, ஆசை குன்றுகிறது, விறைப்பு தளர்கிறது, மாதவிடாய் தவறுகிறது. பிள்ளை பெறாத பெண்ணின் மார்பிலும் பால் கசியலாம். வீட்டில் இது வீண் சந்தேகத்தைக் கிளப்புவதுதான் கொடுமை.

எல்லா மருந்தும் ஒன்றல்ல. கபச்சுரப்பி, குருதிக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்புக்கு வெளியே இருக்கிறது. அத்தடுப்பை எளிதில் கடக்காத அமிசல்பிரைட் மூளையை விடக் கபச்சுரப்பியில் கூடுதலாகச் சேர்வதால் புரோலக்டினை வெகுவாக ஏற்றுகிறது. ரிஸ்பெரிடோனும் அவ்வாறே ஏற்றும். குவெட்டியாபின் அவ்வளவாக ஏற்றுவதில்லை. டோபமின் ஏற்பியை முற்றாக மறிக்காமல் ஓரளவு தூண்டவும் செய்யும் அரிபிப்ரசோல், ஏறிய அளவை இறக்கவும் பயன்படுகிறது.

விந்து வெளியேறாமை வேறு வழியில் வருவது: இரத்தக் குழாய்களையும் விந்துப் பாதையையும் இயக்கும் அல்பா ஏற்பிகளைச் சில மருந்துகள் மறிப்பதன் விளைவு அது. அரிதாக, இதே காரணத்தால் விறைப்பு தணியாமல் வலியுடன் நீடிக்கும். 4 மணித்தியாலம் கடந்தால் வெட்கம் பாராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

நோயும் மனச்சோர்வும்கூட ஆசையைக் குறைக்கும் என்பதால், மருத்துவர் முதலில் இரத்தத்தில் புரோலக்டின் அளவைப் பார்ப்பார். பிறகு மருந்தின் அளவைக் குறைக்கலாம், மருந்தையே மாற்றலாம். அப்படி மாற்றும்போது, நின்ற மாதவிடாய் மீண்டும் வருமுன்பே சூல் முட்டை வெளியாகக்கூடும் என்பதால், கருத்தரிப்பை விரும்பாத தம்பதியர் கருத்தடை பற்றியும் அன்றே கேட்டுக்கொள்வது நல்லது.