இரவு முழுக்க வெளியே இருந்த மாவும் சோறும்

உணவு மாதிரிகளைச் சோதிக்கும் ஆய்வகத்தினரான எங்களிடம் கோலாலம்பூர் வீடுகளிலிருந்து வரும் கேள்விகளில் மிக நல்ல கேள்வி இது: அரைத்த தோசை மாவை ராத்திரி முழுக்க அடுப்பு மேடையில் வைக்கிறோம், காலையில் சுட்டுச் சாப்பிட்டால் ஒன்றும் ஆவதில்லை. அதே மூட்டை அரிசியில் வடித்த சோற்றை மட்டும் ஏன் இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைக்கச் சொல்கிறீர்கள்?

கேள்வியில் நியாயம் இருக்கிறது. அரிசி ஒன்று, தண்ணீர் ஒன்று, மேடையும் ஒன்று. செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீட்டுச் சமையலறை நள்ளிரவிலும் 28 டிகிரியை ஒட்டியே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இரண்டு பாத்திரத்திலும் இரவெல்லாம் பெருகுகின்றன. யார் முதலில் இடம் பிடித்தார்கள், பிடித்தவர்கள் எதை வெளியே விட்டார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

மாவிலிருந்து தொடங்குவோம். உளுந்தைக் கழுவி ஊற வைக்கும்போதே அதன் மேலிருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகத் தொடங்கிவிடுகின்றன. முன்னணியில் நிற்பது லியூகோநாஸ்டாக் மெசென்ட்ராய்டஸ். இட்லி மாவை உப்ப வைப்பது பெரும்பாலும் இதுதான் என்பது 1965-இல் வெளியான ஆய்விலேயே காட்டப்பட்டது. இது சர்க்கரையை உண்டு அமிலத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் ஒன்றாக வெளியிடும். வாயுவைப் பிடித்து வைப்பது உளுந்தின் புரதமும் அதன் வழவழப்பான பசைப்பொருளும். உளுந்தைக் குறைத்தால் வாயு உண்டாகும், ஆனால் தங்காது, இட்லி தட்டையாகிவிடும். சில மணி நேரம் கழித்து என்டரோகாக்கஸ், பீடியோகாக்கஸ் போன்றவை சேர்ந்துகொண்டு அமிலத்தை இன்னும் ஏற்றுகின்றன. தொடக்கத்தில் 6-க்கு மேல் இருந்த மாவின் பி.எச். அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) காலைக்குள் சுமார் 4.5-க்கு வந்துவிடும். அந்தப் புளிப்பில் நோய் தரும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை பெருக முடியாது. நாம் ருசி என்று சொல்வது மாவுக்குக் காவலும் கூட.

இங்கே பலர் தவறுகிற இடம், நேரம். தமிழ்நாட்டுச் சமையல் குறிப்புகளில் 12 மணி நேரம் என்று இருக்கும். மார்கழிக் குளிருக்கு அது சரி. கோலாலம்பூரில் மார்கழிக்கும் சித்திரைக்கும் வெப்பத்தில் பெரிய வேறுபாடு கிடையாது. 7 முதல் 8 மணி நேரம் போதும். இரவு 10 மணிக்கு வைத்த மாவைக் காலை 6 மணிக்குப் பிரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். ஒரு பங்கு முழு உளுந்து, நான்கு பங்கு இட்லி அரிசி, ஒரு கிலோ மாவுக்குச் சுமார் 10 கிராம் உப்பு. அந்த அளவு உப்பு லாக்டிக் பாக்டீரியாக்களைத் தடுக்காது. அதற்கு மேல் போனால் புளிப்பது தாமதமாகும். மிக்ஸியில் அரைத்தால் மாவு சூடாகும், அதனால் ஐஸ் தண்ணீர் விட்டு, இடையிடையே நிறுத்தி அரையுங்கள். பாத்திரத்தில் பாதி காலியாக இருக்கட்டும்.

கையால் கலக்கினால்தான் புளிக்கும் என்ற நம்பிக்கை இங்கும் உண்டு. புளிக்க வைக்கும் பாக்டீரியாக்கள் முக்கியமாகப் பருப்பிலிருந்தே வருவதால் கரண்டியால் கலக்கினாலும் மாவு பொங்கும். கைதான் வேண்டும் என்றால் சோப்புப் போட்டுக் கழுவிய கையாக, வெட்டுக் காயமோ கொப்புளமோ இல்லாத கையாக இருக்க வேண்டும். காயத்திலும் மூக்கிலும் குடியிருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா உணவில் விடும் நச்சு, கொதிக்க வைத்தாலும் போகாது.

மாவு பொங்கவில்லையே என்று முன்னிரவிலேயே சமையல் சோடாவைக் கொட்டுவது எங்களுக்குப் பிடிக்காத பழக்கம். சோடா அமிலத்தை முறித்துவிடும். காவலை நாமே கலைத்த கணக்காகிவிடும். சுடுவதற்குச் சற்று முன் ஒரு சிட்டிகை போடுவதில் தவறில்லை. கடையில் வாங்கிய மாவுப் பாக்கெட் பிரிட்ஜிலேயே உப்பி நிற்கிறதே என்று பயப்படுகிறவர்களும் உண்டு. லியூகோநாஸ்டாக் குளிரிலும் மெதுவாக வேலை செய்யும் இனம், அதனால் கொஞ்சம் உப்புவது இயல்பு. ஆனால் மாவின் மேல் இளஞ்சிவப்போ கறுப்போ பஞ்சு போன்ற பூசணமோ தெரிந்தால் மேற்பகுதியை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மீதியைப் பயன்படுத்தாதீர்கள். முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

இனி சோறு. வயல் மண்ணில் வாழும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா அரிசியோடு நம் வீட்டுக்கு வருகிறது. நிலைமை கடினமானால் இது தன்னைச் சுருக்கி விதை போன்ற வடிவத்துக்குப் போய்விடும். அதை ஸ்போர் என்கிறோம். அதன் நடுவில் தண்ணீர் மிகக் குறைவு. கால்சியம் டைபிகோலினேட் என்ற உப்பு நிறைந்திருக்கும். சுற்றிலும் பல அடுக்கு உறை. சோறு கொதிக்கும் 100 டிகிரியில் மற்ற பாக்டீரியாக்கள் பெரும்பாலும் அழிந்துபோகும்போது இந்த ஸ்போர்களில் பல பிழைத்துக்கொள்கின்றன. அது மட்டுமா, அந்தச் சூடே அவற்றைத் தட்டி எழுப்புகிறது. எழுந்து பார்த்தால் போட்டிக்கு ஆள் இல்லை, ஈரமான மாவுச்சத்து எங்கும் கிடக்கிறது, புளிப்பு துளியும் இல்லை, வெப்பமோ 30 டிகிரி. அது விரும்புகிற நிலம் இதைவிட வேறு இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிராம் சோற்றில் 10 பாக்டீரியாக்கள் விழித்து, அரை மணிக்கு ஒருமுறை இரட்டிப்பதாக வைத்துக்கொள்வோம். 5 மணி நேரத்தில் 10,000-ஐத் தாண்டும். அதில் பெரிய கவலை இல்லை. ஏறக்குறைய 7 மணி நேரத்தில் 100,000 ஆகிவிடும்; நோய் வரும் எல்லை அங்கிருந்து தொடங்குகிறது. 10 மணி நேரத்தில் 10 மில்லியன். மதியம் 1 மணிக்கு வடித்த சோறு இரவு 11 மணிக்கும் வாசனையில் கெட்டிருக்காது, நிறமும் மாறியிருக்காது. முகர்ந்து பார்த்து முடிவு செய்வது இந்த விஷயத்தில் உதவாது.

பெருகிய பிறகு இதில் சில வகைகள் செரியூலைட் என்ற நச்சைச் சோற்றிலேயே விடுகின்றன. வளைய வடிவிலான சிறிய மூலக்கூறு அது. 121 டிகிரியில் 90 நிமிடம் வைத்தாலும் அழியாது, வயிற்று அமிலமும் அதை உடைக்காது. நேற்றைய சோற்றை நன்றாக வறுத்து நாசி கோரெங் (மலாய் வறுத்த சோறு) ஆக்கினால் பாக்டீரியா சாகும், நச்சு அப்படியே இருக்கும். 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் சீன உணவகங்களின் வறுத்த சோற்றைச் சாப்பிட்டவர்களிடம்தான் இந்த வாந்தி நோய் முதலில் தெளிவாக அடையாளம் காணப்பட்டது. வடித்த சோற்றை வெளியே வைத்திருந்து பிறகு வாணலியில் விரைவாகப் புரட்டியதே காரணம்.

ஆகவே வீட்டில் செய்ய வேண்டியது இதுதான். சாப்பாடு முடிந்ததும் மீந்த சோற்றை அகலமான தட்டில் 5 சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் பரப்புங்கள். ஆவி அடங்கட்டும். அரை மணி முதல் ஒரு மணிக்குள் மூடி, பிரிட்ஜின் உட்பகுதியில் வையுங்கள். கதவுத் தட்டு வேண்டாம், திறந்து மூடுவதில் அங்கே வெப்பம் ஏறி இறங்கும். மறுநாளுக்குள் ஒரே ஒருமுறை ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிட்டுவிடுங்கள். சூடாக உள்ளே வைத்தால் பிரிட்ஜ் கெட்டுவிடும் என்று ராத்திரி வரை ஆற விடுகிறவர்கள் பலர். பரப்பி வைத்த சோற்றின் சூட்டை இன்றைய பிரிட்ஜ்கள் தாங்கும்.

ரைஸ் குக்கரில் 'வார்ம்' விளக்கு எரிந்துகொண்டிருந்தால் சோறு பொதுவாக 60 டிகிரிக்கு மேலேயே இருக்கும், பயமில்லை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறக்காமல் வைப்பதுதான் மோசம். கனமான அந்தப் பானைக்குள் சோறு மணிக்கணக்காக 50-க்கும் 30-க்கும் இடையில் கிடக்கும். அதேபோல, காலையில் தாப்பாவ் செய்த (கட்டி வாங்கிய) நாசி லெமாக் பொட்டலத்தை வெயிலில் நிறுத்திய காரில் மதியம் வரை விட்டுவைக்காதீர்கள். சந்தான் (தேங்காய்ப்பால்) சேர்ந்த சோறு, மேலே அவித்த முட்டை, பொட்டலத்துக்குள் ஈரம். எல்லாமே பாக்டீரியாவுக்குச் சாதகம்.

பழைய சோறு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தண்ணீர் ஊற்றிய சோற்றில் லாக்டிக் பாக்டீரியாக்கள் வந்து புளிப்பேற்றினால் அது மாவின் வழியில் போகும். அவை வரத் தாமதமானால் சோற்றின் வழியில் போகும். வேண்டுமென்று செய்கிறவர்கள் சோறு ஆறியதும் தண்ணீரோடு இரண்டு கரண்டி புளித்த மோரோ முந்தைய நாள் நீராகாரமோ சேர்ப்பது நல்லது. அமிலம் சீக்கிரம் ஏறும். கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நோய் எதிர்ப்பு குன்றியவர்களுக்கும் நாங்கள் இதைப் பரிந்துரைப்பதில்லை.

தேங்காய்ச் சட்னியைப் பற்றி ஒரு வார்த்தை. அது வேகாத உணவு, புளிப்பும் இல்லை. காலை 7 மணிக்கு அரைத்ததை 9 மணிக்குப் பிறகு மேசையில் விடாதீர்கள். அரைக்கும்போது சிறிது புளி சேர்த்தால் கெடும் வேகம் குறையும், அவ்வளவுதான்.

கோயில் அன்னதானம், தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு, கல்யாணக் கேட்டரிங் என்று பெரிய பானைக்குப் போனால் இன்னொருவர் வருகிறார்: கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ். இதுவும் ஸ்போர் விடும் இனம்; காற்று பிடிக்காது, இறைச்சி பிடிக்கும். 43 முதல் 47 டிகிரியில் மிக வேகமாகப் பெருகும்; பத்து நிமிடத்தில் இரட்டிக்கும். நள்ளிரவில் இறக்கி மூடி வைத்த 50 லிட்டர் ஆட்டுக் கறிப் பானையின் நடுப்பகுதி விடியும்போதும் அந்தச் சூட்டில்தான் நிற்கும். கொதித்ததால் குழம்பிலிருந்த காற்று வெளியேறியிருக்கும். இதைவிட நல்ல வரவேற்பு அதற்குக் கிடைக்காது.

தீர்வு சிக்கலானதல்ல, ஆனால் ஆள் வேண்டும். பரிமாறும் நேரத்தை ஒட்டிச் சமைப்பது முதல் வழி. முடியாவிட்டால், இறக்கியவுடன் கறியை அகலத் தட்டுகளில் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பிரித்து, ஐஸ் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் நிறுத்திக் கிளறுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கும், அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் இறங்க வேண்டும். மறுநாள் நடுப்பகுதியில் 75 டிகிரி வரும்வரை சூடாக்கி, பரிமாறும்போது 60-க்கு மேல் வைத்திருங்கள். தீர்ந்துபோகும் பாத்திரத்தில் புதிய கறியைக் கொட்டிக் கலக்காதீர்கள். பழையதில் இருப்பது புதியதற்கும் போகும். இதற்கெல்லாம் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று கட்டாயம். ஐஸ் நிறைந்த தண்ணீரில் 0, கொதிநீரில் 100 காட்டினால் அது சரியாக இருக்கிறது. டைபாய்டு தடுப்பூசி போட்டவர்களை மட்டும் சமையலில் நிறுத்துங்கள். நம் நாட்டில் உணவு கையாள்பவர்களுக்கு அது கட்டாயம்.

அரிதானது, ஆனால் கொடியது ஒன்றும் உண்டு. பர்க்கோல்டேரியா கிளாடியோலியின் ஒரு வகை, தேங்காயிலும் ஈரமான அரிசி மாவுப் பண்டங்களிலும் போங்க்ரெக் அமிலம் என்ற நச்சை உண்டாக்கும். ஜாவாவில் தேங்காய்ப் பிண்ணாக்கில் செய்த தெம்பே (நொதிக்க வைத்த கட்டி உணவு) பலரைக் கொன்றதால் 1988-இல் இந்தோனேசியா அதைத் தடை செய்தது. சோயா தெம்பே வேறு, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 2024 மார்ச்சில் தைப்பேயில் மலேசிய உணவு விற்ற ஓர் உணவகத்தில் கொய்தியாவ் (அகலமான அரிசி நூடுல்ஸ்) சாப்பிட்டவர்கள் இறந்தபோது, கண்டுபிடிக்கப்பட்ட நச்சும் இதுவே. இதற்கு நிறமோ நாற்றமோ இல்லை, வேக வைத்தாலும் அழியாது. பசாரில் (சந்தையில்) வாங்கும் ஈரக் கொய்தியாவை அன்றே சமையுங்கள். மிச்சத்தை அறை வெப்பத்தில் மறுநாளுக்கு வைக்காதீர்கள். அரிசியை நாள்கணக்கில் தண்ணீரில் ஊறப் போட்டு அரைப்பதும் வேண்டாம்.

யாருக்காவது நோய் வந்துவிட்டால் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது, சாப்பிட்டதற்கும் முதல் அறிகுறிக்கும் இடைப்பட்ட நேரம். அரை மணி முதல் 6 மணிக்குள் வாந்தி என்றால் செரியூலைட் அல்லது ஸ்டெஃபைலோகாக்கஸ் நச்சு. 8 முதல் 16 மணிக்குள் காய்ச்சல் இல்லாத வயிற்று வலியும் பேதியும் என்றால் பெர்ஃப்ரின்ஜென்ஸ் மீது சந்தேகம். அரை நாளிலிருந்து மூன்று நாளுக்குள் காய்ச்சலோடு பேதி என்றால் சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவை நினைக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். (நீரிழப்பை ஈடுசெய்யும் உப்பு-சர்க்கரைக் கலவை) பாக்கெட் கைவசம் இல்லையென்றால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் மட்டமான 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். இரத்தப் பேதி, 8 மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, மயக்கம், கண் மஞ்சளாவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கைக்குழந்தையும் முதியவரும் என்றால் அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

சந்தேகப்படும் உணவை ஆத்திரத்தில் கொட்டிவிடாதீர்கள். ஒரு கிண்ணம் அளவு சுத்தமான டப்பாவில் எடுத்து, சமைத்த நேரத்தையும் சாப்பிட்ட நேரத்தையும் எழுதி ஒட்டி, பிரிட்ஜில் வைத்துவிட்டு மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். ஃபிரீசரில் வைக்க வேண்டாம். பெர்ஃப்ரின்ஜென்ஸ் உறைந்தால் பெருமளவு செத்துவிடும், ஆய்வகத்துக்கு வந்து சேரும்போது சோதனைத் தட்டில் எதுவும் வளராது.