சிமெண்டில் பி.ஓ.பி. (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) கலக்காதீர்கள்

போன ஆவணியில் தக்கலைப் பக்கம் ஒரு வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். குளியலறையின் வெளிச்சுவரில் குழாய் பதித்து மூடிய இடம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு உப்பி நின்றது. சுத்தியலால் தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் சத்தம். ஓரத்தில் விரலை விட்டு நெம்பினேன், பூச்சு பப்படம் மாதிரி நொறுங்கிக் கையோடு வந்தது.

கொத்தனார் பக்கத்தில்தான் நின்றார். "சீக்கிரம் இறுகட்டும்னு சிமெண்டுல கொஞ்சம் பி.ஓ.பி. சேர்த்தேன் சாரே. பங்குனியில பூசினது. அப்போ கல்லு மாதிரி இருந்துச்சு" என்றார். பொய்யில்லை, அப்போது கல் மாதிரிதான் இருந்திருக்கும்.

பி.ஓ.பி. என்பது ஜிப்சம் என்ற கனிமத்தைச் சுட்டு எடுக்கும் கால்சியம் சல்பேட். சிமெண்டில் இருக்கும் அலுமினேட் என்ற அலுமினியச் சேர்மத்தோடு அது ஈரத்தில் சேர்ந்தால் எட்ரிங்கைட் உருவாகும். இயற்கையில் அபூர்வமான சல்பேட் கனிமம் இது. ஜெர்மனியில் எட்ரிங்கன் என்ற ஊருக்கு அருகே, எரிமலைக் குழம்பில் சிக்கி வெந்த சுண்ணாம்புக்கல்லில் கிடைத்தது. 1874-இல் அந்த ஊர்ப் பெயரையே வைத்தார்கள். நிறமற்ற மெல்லிய ஊசிகள், நகத்தால் கீறலாம் என்கிற அளவுக்கு மென்மை. எடையில் ஏறத்தாழ 46 சதவீதம் தண்ணீர்! அவ்வளவையும் உள்ளே வாங்கி வளர்வதால்தான் இடம் போதாமல் பூச்சைத் தள்ளுகிறது.

ஆலையிலேயே ஜிப்சம் சேர்க்கிறார்களே என்பீர்கள். சரிதான், 3 முதல் 5 சதவீதம். அது இல்லாவிட்டால் சிமெண்ட் சட்டியிலேயே இறுகிவிடும். அதில் வரும் எட்ரிங்கைட், கலவை குழைவாக இருக்கும்போதே பெரும்பாலும் வந்துவிடுவதால் கேடில்லை. இறுகிய பிறகு முளைப்பதுதான் வினை. நமக்கோ தென்மேற்கு, வடகிழக்கு என்று வருஷத்துக்கு இரண்டு மழை. வெளிச்சுவர் எங்கே காய்கிறது?

அதற்காகச் சுவரில் வெள்ளையாகப் பூத்ததையெல்லாம் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது பெரும்பாலும் ஈரத்தோடு கசிந்து வரும் உப்புப் படிவுதான். இந்த ஊசிகள் வெறுங்கண்ணுக்குத் தெரிவதில்லை.

தக்கலை வீட்டில் செங்கல் தெரியும்வரை கொத்தி, தூசியில்லாமல் துலக்கி, 1:4 கலவையில் (ஒரு பங்கு சிமெண்டுக்கு நான்கு பங்கு மணல்) பூசி 7 நாள் நனைக்கச் சொன்னேன். மேலோடு சிமெண்டைத் தேய்த்து மறைத்திருந்தால் ஐப்பசியில் மறுபடியும் உப்பும். அவசர வேலைக்கென்றே சீக்கிரம் இறுகும் கலவை கடைகளில் விற்கிறது. அப்புறம், பி.ஓ.பி. குழைத்த சட்டியைக் கழுவாமல் சிமெண்டுக்கு எடுக்காதீர்கள்.

"இன்னும் அரை மூட்டை கிடக்கே சாரே?"

"உள்ளே ஃபால்ஸ் சீலிங் வேலை வந்தா எடுத்துக்கோங்க அண்ணே" என்றேன்.